கடைமடைக்கு வராத தண்ணீர்: உடம்பின் எல்லைப்புறங்களைப் பற்றி ஒரு வரலாறு

இந்தப் பதிவு கொஞ்சம் நீளமானது, முன்பே சொல்லிவிடுகிறேன். நம் வகுப்புப் பசங்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரிந்திருக்கும். மற்ற நண்பர்கள் பயப்பட வேண்டாம். அனாடமி புத்தகம் எதையும் புரட்டத் தேவையில்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்வதை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

முதலில் எங்கள் தாத்தா கதை.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. காவிரிப் பாசனத்தில் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, ஆறு ஆறாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, வழியில் உள்ள எல்லார் வயலையும் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்கள் ஊருக்கு வரும். நான் எட்டாவது படிக்கும்போது முழங்கால் வலி என்று தாத்தா பக்கத்து ஊரில் ஒரு டாக்டரிடம் போனார். பிரஷர் பார்த்தார்கள். 220க்கு 120. தாத்தாவுக்கு ஒரு தலைவலி கூடக் கிடையாது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் எல்லாருக்கும் பதற்றம். ஒரு மாத்திரைக் குப்பியை ஊசியால் குத்தி, உள்ளே இருந்த மருந்தை நாக்குக்கு அடியில் விட்டார்கள். அரை மணி நேரத்தில் பிரஷர் "சூப்பராக" இறங்கிவிட்டது. தாத்தா எழுந்து சட்டையைப் போடப் பார்த்தார். இடது கையைத் தூக்க முடியவில்லை. விரல்கள் மடங்கின, பிடியும் இருந்தது. தோள் மட்டும் எழவில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "வாட்டர்ஷெட் இன்ஃபார்க்ட்" என்று எழுதியிருந்தது. அப்பா அகராதியில் தேடிப் பார்த்து, "நீர் பிரியும் மேடு" என்று படித்துச் சொன்னார். படுக்கையில் இருந்த தாத்தா, "என் மூளையில ஏதுடா மேடு?" என்று கேட்டார். அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் எனக்குப் பதில் கிடைத்தது. பதிலைவிட, அந்தப் பதிலை மருத்துவர்கள் கண்டுபிடித்த கதை இன்னும் சுவாரசியமாக இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பெயர், இரண்டு படங்கள்

வாட்டர்ஷெட் என்ற ஆங்கிலச் சொல், வாஸர்ஷைடே என்ற ஜெர்மன் சொல்லை ஒட்டி வந்தது. மலைமுகட்டில் விழும் மழை இந்தப் பக்கம் ஓர் ஆற்றுக்கும் அந்தப் பக்கம் வேறோர் ஆற்றுக்கும் போகிறதல்லவா, அந்த முகடுதான் வாட்டர்ஷெட். உடம்பிலும் இப்படி எல்லைகள் உண்டு. ஒரு தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாய்) ஒரு பகுதிக்கு ரத்தம் தருகிறது. பக்கத்துத் தமனி பக்கத்துப் பகுதிக்குத் தருகிறது. இரண்டும் முடியும் இடத்தில் ஓர் எல்லைக் கோடு. அதைத்தான் இந்தப் பெயரால் அழைக்கிறோம்.

ஆனால் இந்த மலைமுகட்டுப் படம் எனக்கு எப்போதுமே இடித்தது. முகட்டிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் கிளம்பிப் போகிறது. உடம்பிலோ ரத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து அங்கே முடிகிறது. நேர் எதிர்!

1950களின் தொடக்கத்தில் மாக்ஸ் ஷ்னைடர் என்ற ஜெர்மன் உடலியல் அறிஞர் இதற்கு வேறொரு படம் தந்தார். "கடைசிப் புல்வெளி" என்று அவர் அதற்குப் பெயர் வைத்தார். ஒரே வாய்க்காலிலிருந்து வரிசையாகப் பல புல்வெளிகளுக்குத் தண்ணீர் பாய்கிறது. வரத்து குறைந்தால் எது முதலில் காயும்? கடைசியில் இருப்பதுதான். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அடப்பாவிகளா, இது எங்கள் ஊர்! இதற்குத் தமிழில் புதிதாகச் சொல் தேட வேண்டியதே இல்லை. கடைமடை என்று நூற்றாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனி இந்தப் பதிவில் நானும் அப்படியே சொல்கிறேன்.

வரைபடம் போட்டவர்கள்

கதை 1664இல் லண்டனில் தொடங்குகிறது. அந்த ஆண்டு தாமஸ் வில்லிஸ் மூளையின் உடற்கூறு பற்றித் தன் பெரிய லத்தீன் நூலை வெளியிட்டார். அதில் படங்கள் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென், பிற்பாடு லண்டன் செயிண்ட் பால் தேவாலயத்தைக் கட்டியவர். மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையமாக இருப்பதை வில்லிஸ் விளக்கினார். கழுத்தின் ஒரு பக்கத் தமனியில் நிறமேற்றிய திரவத்தைச் செலுத்தினால் அது மறுபக்கத்துக்கும் போகிறது என்று காட்டினார். ஒரு பக்கக் கழுத்துத் தமனி முழுக்க அடைந்துபோயிருந்தும் வாழ்நாளில் பக்கவாதமே வராத ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்ததையும் எழுதியிருக்கிறார். ஓர் ஆறு அடைந்தால் இன்னோர் ஆறு காப்பாற்றும், இதுதான் வில்லிஸ் சொன்ன நல்ல செய்தி.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் அந்த நல்ல செய்திக்கு ஒரு "ஆனால்" சேர்ந்தது. 1872இல் ஜெர்மனியில் யூலியஸ் கோன்ஹைம், "இறுதித் தமனி" என்ற கருத்தை முன்வைத்தார். சில தமனிகளுக்குப் பக்கத்துத் தமனியோடு உதவிக்கு வரக்கூடிய இணைப்பு கிடையாது. அவை அடைந்தால் அவற்றின் பகுதி செத்துப்போகும். அதே 1872இல் லைப்ஸிக் நகரில் ஓட்டோ ஹாய்ப்னர் மூளைத் தமனிகளுக்குள் நிறங்களைச் செலுத்தி எந்தத் தமனி எதுவரை போகிறது என்று வரைந்தார். 1874இல் பாரிஸில் ஆன்ரி துரே அதே வேலையைச் செய்தார். மூளையின் மேற்பரப்பில் தமனிகள் தாராளமாக இணைந்திருக்கின்றன என்றார் ஹாய்ப்னர். இணைப்புகள் மிகக் குறைவு என்றார் துரே. இந்தச் சண்டை ரொம்ப நாள் நடந்தது.

இங்கிலாந்தில் சார்லஸ் பீவர் ஒரு நல்ல யோசனை செய்தார். ஒரு தமனியில் மட்டும் நிறத்தை ஏற்றினால் அது எதிர்ப்பே இல்லாமல் பக்கத்துப் பகுதிக்குள்ளும் பாய்ந்துவிடும், எல்லை தெரியாது. ஆகவே ஜெலட்டினில் வெவ்வேறு நிறங்களைக் கரைத்து, பல தமனிகளில் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் செலுத்தினார். இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளினால் நிறங்கள் எங்கே சந்திக்கின்றனவோ அதுதான் உண்மையான எல்லை. 1909இல் வெளியான அவருடைய வரைபடம் பல பத்தாண்டுகளுக்குப் பாடமாக இருந்தது. ஹாய்ப்னர், துரே சண்டைக்கு 1953இல்தான் ஓரளவு முடிவு வந்தது. வான்டர் ஈக்கன், ரேமண்ட் ஆடம்ஸ் இருவரும் மேற்பரப்பில் இணைப்புகள் உண்டு, ஆனால் ஆளுக்கு ஆள் எண்ணிக்கையும் பருமனும் மாறும் என்று காட்டினார்கள்.

பீவரின் சோதனையை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லை என்பது கல் நட்டு வைத்த வரப்பு அல்ல. இரண்டு பக்க அழுத்தமும் சமமாகிற இடம். ஒரு பக்கம் அழுத்தம் குறைந்தால் எல்லையே நகரும்.

குடல் கற்றுக்கொடுத்த பாடம்

மூளைக்காரர்கள் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அறுவை மருத்துவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்யும்போது தமனியைக் கட்ட வேண்டும். கட்டினால் சிலருக்கு மிச்சக் குடல் கறுத்து அழுகிவிடும், சிலருக்கு ஒன்றும் ஆகாது. ஏன்?

1907இல் ஹாம்பர்க் நகரின் பவுல் ஸூடெக் ஒரு பதில் சொன்னார். மலக்குடலுக்கு இறங்கும் தமனியோடு மேலேயுள்ள குடல் வளைவின் கடைசிக் கிளை சேரும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே கட்டினால், அந்தக் கிளை வழியாகச் சுற்றிக்கொண்டு ரத்தம் கீழே வந்து சேரும். அதற்குக் கீழே கட்டினால் அந்த வழியும் அடைந்துவிடும். இரண்டு கட்டுகளுக்கும் நடுவே உள்ள தூரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச தூரத்தில் ஒரு நோயாளியின் குடல் பிழைப்பதும் அழுகுவதும் இருந்தது. மதகு எங்கே, கிளை வாய்க்கால் எங்கே என்று தெரியாமல் மண்ணை வெட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

1913 வாக்கில் ஹாமில்டன் ட்ரம்மண்ட் பெருங்குடலின் ஓரமாகவே ஓடும் விளிம்புத் தமனியைப் பற்றி எழுதினார். இன்றும் அது அவர் பெயரிலேயே இருக்கிறது. குடல் முழுக்க அது தொடர்ச்சியாக ஓடினால் ஸூடெக்கின் பயத்துக்கு அவ்வளவு இடமில்லை. ஆனால் எல்லாரிடமும் அப்படி ஓடுவதில்லை. 1956இல் ஜான் கிரிஃபித்ஸ், இடது விலாவுக்கு அடியில், மண்ணீரல் பக்கம் குடல் திரும்பும் மூலையில் இந்த இணைப்பு பலவீனமானது என்று சுட்டிக்காட்டினார். குடலின் முன்பாதிக்கு ஒரு பெரிய தமனி, பின்பாதிக்கு இன்னொன்று. இரண்டும் முடிகிற கடைமடை அந்த மூலை. 1976இல் மார்ட்டன் மேயர்ஸ் ஆராய்ந்தபோது சுமார் 43 சதவீதம் பேரிடம் அந்த இடத்தில் முறையான இணைப்பே இல்லை.

அதனால்தான் ரத்த ஓட்டம் குறைந்து வரும் குடல் அழற்சியில் அந்த மூலை அடிக்கடி அடிபடுகிறது. 1966இல் ஏட்ரியன் மார்ஸ்டனும் அவருடைய குழுவினரும் அந்த நோய்க்கு "இஸ்கீமிக் கொலைட்டிஸ்" என்று பெயர் வைத்தார்கள். வயதானவர் ஒருவர் வாந்தி பேதியில் வற்றிப்போய் பிரஷர் விழுந்து வருகிறார், மறுநாள் இடது வயிற்றில் வலி, மலத்தில் ரத்தம். பெரிய தமனி எதுவும் அடைந்திருக்காது. வரத்து குறைந்தது, கடைமடை காய்ந்தது. அவ்வளவுதான்.

அடைப்பே இல்லாத பக்கவாதம்

மூளைக்கு வருவோம். பக்கவாதம் என்றால் ஒரு குழாய் அடைந்திருக்க வேண்டும் அல்லது வெடித்திருக்க வேண்டும், இப்படித்தான் நெடுங்காலம் நம்பிக்கை. ஆனால் பிரேதப் பரிசோதனை மேஜையில் அந்தக் கணக்குக்குள் அடங்காத மூளைகள் வந்துகொண்டே இருந்தன. சேதம் எந்த ஒரு தமனியின் நடுப்பகுதியிலும் இல்லை. முன்தமனிக்கும் நடுத்தமனிக்கும் நடுவில், நடுத்தமனிக்கும் பின்தமனிக்கும் நடுவில், அரிவாள் மாதிரி வளைந்து எல்லையோரமாகவே ஓடியது. ஷ்னைடர் தன் புல்வெளிப் படத்தையும், கொலோன் நகரில் கிளவுஸ் யோவாகிம் ஸ்யூல்ஷ் எல்லைப் பகுதிகள் பற்றிய ஆய்வையும் தந்தது இந்தப் புதிருக்குத்தான். 1954இல் ஸ்யூல்ஷ் இதே கணக்கு முதுகுத்தண்டு வடத்துக்கும் பொருந்தும் என்று எழுதினார்.

இந்த மரணங்களுக்கு ஒரு பின்னணி உண்டு. அதே காலத்தில் மருத்துவம் ரத்த அழுத்தத்தைத் தன் கையால் இறக்கக் கற்றுக்கொண்டிருந்தது. 1950இல் இங்கிலாந்தின் மயக்க மருத்துவர் என்டர்பி, பென்டாமெத்தோனியம் என்ற மருந்தையும் நோயாளியைச் சாய்த்து வைக்கும் கோணத்தையும் சேர்த்துப் பயன்படுத்தி அழுத்தத்தை வேண்டுமென்றே குறைக்கும் முறையை எழுதினார். நுட்பமான அறுவையில் ரத்தக் கசிவு குறையும், மருத்துவருக்கு இடம் தெளிவாகத் தெரியும். அவர் கையில் அது பெரும்பாலும் நன்றாகவே நடந்தது. ஆனால் எல்லாக் கைகளும் ஒன்று இல்லையே.

1957இல் போர்ன் என்ற மருத்துவர் லான்செட் இதழில் வேறோர் ஆபத்தைச் சொன்னார். பல் பிடுங்க நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து வாயு மயக்கம் கொடுக்கிறார்கள். நோயாளிக்கு இடையில் தலைசுற்றி மயக்கம் வருகிறது. சாதாரணமாக நமக்கு மயக்கம் வந்தால் என்ன ஆகும்? விழுவோம். விழுந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், ரத்தம் தானாகத் தலைக்குப் போகும். விழுவதுதான் இயற்கை தந்த முதலுதவி! நாற்காலியில் நிமிர்த்தி வைக்கப்பட்டவரால் விழ முடியாது. மூளை காய்கிறது.

1966இல் பிரெய்ன் இதழில் இரண்டு முக்கியமான கட்டுரைகள் வந்தன. ஒன்றில் ஆடம்ஸ், பிரையர்லி, கானர், டிரைப் ஆகியோர், ரத்த அழுத்தம் விழுந்ததால் மூளை பாதிக்கப்பட்ட 11 பேரின் நோய்க்குறிப்பையும் மூளையையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். இன்னொன்றில் பிரையர்லியும் எக்ஸலும் ரீசஸ் குரங்குகளில் அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். அழுத்தம் திடீரென்று, ஆழமாக விழுந்தால் சேதம் எல்லையோரமாகக் குவிகிறது என்பது தெளிவானது. தமனி அடைய வேண்டியதே இல்லை. தலைமடையில் தண்ணீர் குறைந்தாலே போதும்.

எங்கள் தாத்தாவின் தோள் விஷயமும் 1969இல் விளக்கம் பெற்றது. மோர் என்ற நரம்பியல் மருத்துவர் இந்த வகைச் சேதத்துக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: "தொலைவு வயல் சேதம்"! மூளையின் மேற்பரப்பில் கை, கால், முகம் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. காலுக்கான இடம் முன்தமனியின் பகுதிக்குள், முகமும் விரல்களும் நடுத்தமனியின் பகுதிக்குள். தோளுக்கும் மேற்கைக்கும் உரிய இடம் இரண்டுக்கும் நடுவே எல்லையில் விழுகிறது. அதனால்தான் விரல் மடங்கும், கால் நடக்கும், தோள் எழாது. இரண்டு பக்கமும் இப்படி ஆனால் ஆளைப் பீப்பாய்க்குள் இறக்கி நிறுத்திவைத்த மாதிரி இருக்கும் என்பதால் அதற்குப் "பீப்பாய் மனிதன்" என்று 1980களில் பெயர் வைத்தார்கள்.

மதகு பழகிப்போன உயரம்

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். தாத்தாவின் பிரஷர் பூஜ்ஜியத்துக்கா போனது? நார்மலுக்குத்தானே வந்தது? அதில் என்ன கெடுதல்?

பதில் டென்மார்க்கிலிருந்து. நீல்ஸ் லாஸன் 1959இல் எழுதிய பெரிய கட்டுரையில், ரத்த அழுத்தம் ஓரளவு ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குப் போகும் ரத்தம் மாறுவதில்லை என்று காட்டினார். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. மூளையின் சின்னத் தமனிகள் தாமாகவே திறந்தும் குறுகியும் அதைச் சமன் செய்கின்றன. ஆள் இல்லாமலே ஏறி இறங்கும் மதகு மாதிரி. ஆனால் அதற்கும் ஓர் அடிமட்டம் உண்டு. அதற்குக் கீழே போனால் மதகை முழுக்கத் திறந்தாலும் தண்ணீர் பாயாது. வரத்து 20 மி.லி.க்கு அருகே குறைந்தால் மூளை வேலை நிறுத்தும், 10ஐ ஒட்டி வந்தால் சாகத் தொடங்கும்.

1973இல் கோபன்ஹேகனில் ஸ்ட்ராண்ட்கார்டும் லாஸனும் உள்ளிட்ட குழு இன்னொன்றைக் காட்டியது. நீண்ட காலம் உயர் ரத்த அழுத்தத்தோடு வாழ்பவர்களுக்கு இந்த அடிமட்டமே மேலே ஏறிவிடுகிறது. மதகு உயர்ந்த நீர்மட்டத்துக்குப் பழகிப்போகிறது. உங்களுக்கும் எனக்கும் நார்மலாக இருக்கும் எண் அவர்களுடைய மூளைக்குப் பஞ்சம்! போதாக்குறைக்கு எங்கள் தாத்தாவுக்கு வலது கழுத்துத் தமனியும் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது என்று பிறகு தெரிந்தது. பீவர் சொன்ன மாதிரி ஒரு பக்கம் அழுத்தம் குறைந்து எல்லை ஏற்கனவே பலவீனப்பட்டிருந்தது. மருந்து செய்தது கடைசித் தள்ளல். மருந்து ஒன்றே காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை.

அந்த மாத்திரை நிஃபெடிபைன். நல்ல மருந்துதான், மெதுவாகக் கரையும் வடிவில் இன்றும் உலகம் முழுக்கக் கொடுக்கிறார்கள். பிரச்சினை அந்த நாக்கடி வித்தையில். நாக்குக்கு அடியில் அது உறிஞ்சப்படுவதே மிகக் குறைவு. எச்சிலோடு விழுங்கி வயிற்றில் போய்த்தான் வேலை செய்கிறது. எப்போது, எவ்வளவு இறங்கும் என்று யாராலும் கணிக்க முடியாது. 1985இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு இதற்கு ஒப்புதல் தர மறுத்தது. 1996இல் கிராஸ்மன், மெஸ்ஸர்லி உள்ளிட்டோர், பக்கவாதம், மாரடைப்பு, மரணம் வரை நடந்திருப்பதைத் தொகுத்து, இந்தப் பழக்கத்தை நிறுத்தலாமே என்று ஜாமா இதழில் கேட்டார்கள். தாத்தாவுக்குக் கொடுத்தது அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் கழித்து. ஓர் இதழில் அச்சான உண்மை எங்கள் ஊர் வரை வர அவ்வளவு காலம். அறிவுக்கும் கடைமடை உண்டு போல.

தண்டுவடமும் ஒரு வெற்றிக் கதையும்

எல்லாம் சோகமாகவே போகிறது, ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். போலந்தைச் சேர்ந்த ஆல்பர்ட் ஆடம்கீவிச் 1880களின் தொடக்கத்தில் முதுகுத்தண்டு வடத்தின் தமனிகளை ஆராய்ந்து விவரித்தார். வடத்தின் கீழ்ப்பகுதிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய கிளை, பெரும்பாலோருக்கு இடது பக்கத்தில், மார்பின் கீழ் முள்ளெலும்புகளின் மட்டத்தில் நுழைகிறது. நடு மார்புப் பகுதி மேலிருந்தும் கீழிருந்தும் வரும் ரத்தத்தின் கடைமடை.

பெருந்தமனி வீங்கி வெடிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு அறுவை செய்யும்போது இந்த வழி தடைபடும். உயிர் பிழைத்து எழுவார், கால்கள் எழாது. 1993இல் ஸ்வென்ஸனும் கிராஃபோர்டும் மற்றவர்களும் வெளியிட்ட 1509 நோயாளிகளின் கணக்கில் 16 சதவீதம் பேருக்குக் கால்கள் முழுதாகவோ பகுதியாகவோ செயலிழந்தன. உலகின் மிகத் திறமையான கைகளிலேயே இது.

தீர்வு எளிமையான யோசனையில் வந்தது. தண்டுவடத்தைச் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. அதன் அழுத்தம் ரத்தத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. உள்ளே வரும் ரத்தத்தை அதிகரிக்க முடியாவிட்டால் எதிரே நிற்கும் நீரையாவது வடித்துவிடலாமே! 2002இல் கோசெல்லி குழு 145 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்துச் சோதித்தது. நீரை வடிக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்குக் கால்கள் பாதித்தன. வடித்தவர்களில் 2.6 சதவீதம். வயலில் தேங்கியதை வடித்துவிட்டால் புதுத் தண்ணீர் தானே ஏறும்.

இன்றைக்கு என்ன செய்கிறார்கள்

வண்டலையும் சொல்லிவிடுகிறேன். வாய்க்காலில் ஓட்டம் மந்தமானால் வண்டல் எங்கே படியும்? கடைசியில். 1998இல் கேப்ளனும் ஹெனெரிஸியும் மூளையிலும் இதுதான் நடக்கிறது என்றார்கள். சின்னச் சின்ன ரத்தக்கட்டிகள் எப்போதும் வந்துகொண்டிருக்கும், ஓட்டம் வேகமாக இருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும், மந்தமானால் எல்லையில் தங்கிவிடும். "அடைப்பா, பஞ்சமா" என்று பழைய பள்ளிகள் போட்ட சண்டைக்கு இது "இரண்டும்தான்" என்ற பதில்.

குடல் அறுவையில் இப்போது இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை நரம்பில் ஏற்றி, அகச்சிவப்புக்கு அருகிலான ஒளியில் கேமராவில் பார்க்கிறார்கள். ரத்தம் வரும் இடம் ஒளிர்கிறது, வராத இடம் கறுப்பாக நிற்கிறது. 1950களிலேயே வந்த சாயம்தான். ஸூடெக் ஊகித்துக் கட்டிய முடிச்சை இன்று பார்த்துக் கட்டலாம்.

நாற்காலி விஷயமும் முடிந்துவிடவில்லை. தோள்பட்டை அறுவைக்கு நோயாளியைக் கடற்கரை நாற்காலியில் சாய்ந்த மாதிரி உட்காரவைக்கிறார்கள். 2005இல் போல், கல்லன் இருவரும் அப்படி அறுவை செய்த 4 பேருக்கு மூளை, தண்டுவடச் சேதம் வந்ததை எழுதினார்கள். தலை இதயத்தைவிட ஒவ்வொரு செ.மீ. உயரும்போதும் அழுத்தம் சுமார் 0.77 மி.மீ. குறையும். 26 செ.மீ. உயரம் என்றால் 20 மி.மீ. பட்டை கட்டியிருக்கும் கையில் நல்ல எண், மூளையில் வேறு எண். போர்ன் 1957இல் சொன்னதை வேறு நாற்காலியில் திரும்பக் கற்றோம்.

உயர் ரத்த அழுத்தத்துக்கும் விதி மாறியது. உறுப்புகள் உடனடி ஆபத்தில் இருக்கும் அவசர நிலையிலேயே முதல் ஒரு மணி நேரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காதே என்பதுதான் பொதுவான விதி. (பெருந்தமனி கிழிவது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.) அறிகுறியே இல்லாமல் எண் மட்டும் அதிகமாக இருந்தால் நாள்கணக்கில் மெதுவாக இறக்க வேண்டும். அடைப்பால் பக்கவாதம் வந்தவருக்கு, கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்காத நிலையில், முதல் நாளில் 220க்கு 120 வரை பெரும்பாலும் தொடாமலே விடுகிறார்கள். 220க்கு 120! எங்கள் தாத்தாவின் எண்.

இந்த முழு வரலாற்றிலும் எனக்குத் தெரிவது ஒன்றுதான். தலைமடையில் நின்று அளவுகோலைப் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். கடைமடையில் நிற்பவனுக்குத்தான் தண்ணீர் வந்ததா இல்லையா என்று தெரியும். ஹாய்ப்னரிலிருந்து பிரையர்லி வரைக்கும் இந்த ஆட்கள் செய்த வேலை, வாய்க்காலின் கடைசி வரை நடந்துபோய்ப் பார்த்ததுதான்.

தாத்தா பிசியோதெரபி செய்து ஓரளவு தேறினார். இடது கை தோள் மட்டத்துக்கு ஏறும், அதற்கு மேல் ஏறாது. மண்வெட்டி பிடிப்பதை விட்டுவிட்டார். போன லீவில் ஊருக்குப் போனபோது வரப்பில் உட்கார்ந்து இந்தக் கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப மேடுன்னு எழுதுனது தப்பு, கடைமடைன்னு எழுதியிருக்கணும்" என்றார். நானும் அதைத்தான் சொல்கிறேன் தாத்தா.

டிஸ்கி: இது வரலாறு, மருத்துவ ஆலோசனை அல்ல. இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அடக்காமல் விட்ட உயர் ரத்த அழுத்தம்தான் மதகைக் கெடுத்த முதல் குற்றவாளி. தினமும் ஒழுங்காகச் சாப்பிடும் மாத்திரை வேறு, பதற்றத்தில் ஒரே அடியாக இறக்குவது வேறு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் "மெதுவாக இறக்கலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். தவறு ஏதாவது கண்ணில் பட்டால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.